வூச்: மாணவர்கள் படம்பிடித்த ஆலை நகரம்

வார்சாவுக்குத் தென்மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வூச். வரைபடத்தில் எழுத்தைப் பார்த்து லோட்ஸ் என்று படிப்பவர்கள் உண்டு. ரயில் ஒலிபெருக்கி வூச் என்றுதான் சொல்கிறது. வழியில் மலை கிடையாது. சமவெளி வயல்கள், பைன் மரங்கள், இடையிடையே சிற்றூர் நிலையங்கள். ரயில் கடைசியில் பூமிக்குள் இறங்கி வூச் ஃபப்ரிச்னா நிலையத்தில் நிற்கிறது. கண்ணாடியும் கான்கிரீட்டுமான இந்தச் சுரங்க நிலையம் 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது.

இதே இடத்தில் அதற்கு முன்பு 1860களில் போடப்பட்ட பாதையின் பழைய நிலையம் இருந்தது. உலக சினிமா பார்ப்பவர்களுக்கு அந்த நடைமேடை பழக்கமானது. கிறிஸ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கியின் ‘தற்செயல்’ படத்தில் வீடெக் என்ற மருத்துவ மாணவன் புறப்பட்டுவிட்ட ரயிலைப் பிடிக்க ஓடுகிறானே, அது இங்கேதான். மூன்று முறை ஓடுகிறான். ஒவ்வொரு முறையும் வேறொரு வாழ்க்கை வாய்க்கிறது. 1981இல் எடுத்து முடித்த படத்தைத் தணிக்கை 1987வரை முடக்கி வைத்திருந்தது. ஆனால் அந்த ஓட்டத்துக்கு ஓர் ஒத்திகை உண்டு. 1966இல், திரைப்படப் பள்ளி மாணவராக இருந்தபோது, இதே ஊரில் ஓர் இளைஞனை டிராமுக்குப் பின்னால் ஓடவிட்டு ஆறு நிமிடத்துக்கும் குறைவான ஒரு படம் எடுத்திருந்தார் அவர். வூச்சுக்கு வரும் சினிமாப் பயணிகளில் பலர் தேடி வருவது இப்படிப்பட்ட சின்னப் படங்கள் பிறந்த தெருக்களைத்தான்.

ஒரு திரைப்படப் பள்ளி இந்த ஊருக்கு ஏன் வந்தது என்பதற்குப் போர்தான் விடை. 1820இல் வூச்சில் ஆயிரம் பேர்கூட இல்லை. ரஷ்யப் பேரரசின் சந்தையை நம்பி எழுந்த பஞ்சாலைகள் அடுத்த நூறாண்டுக்குள் அதைப் பல லட்சம் பேர் வாழும் நகரமாக்கின. போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் மூவரும் சேர்ந்து கட்டிய ஊர் அது. இரண்டாம் உலகப்போரில் நாஜிகள் இங்கே யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ 1940இலிருந்து 1944 ஆகஸ்ட் வரை நீடித்தது. அங்கிருந்தவர்கள் ரயிலேற்றிக் கொல்லப்பட்டார்கள். மனிதர்களை அழித்தவர்கள் கட்டடங்களை விட்டுவைத்தார்கள். 1944 எழுச்சிக்குப் பின் வார்சா இடிபாட்டுக் குவியலாகக் கிடந்தபோது, கூரையும் மின்சாரமும் உள்ள பெரிய நகரமாக வூச் நின்றது. அரசு அலுவலகங்கள், எழுத்தாளர்கள், நடிகர்கள், கேமரா தெரிந்தவர்கள் எல்லாரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். போருக்குப் பிந்திய போலந்தின் முதல் கதைப்படங்கள் இங்கே உருவாயின. 1948இல் பள்ளி தொடங்கியது. வார்சா மீண்டும் எழுந்த பிறகு பலர் திரும்பிப் போனார்கள். பள்ளி போகவில்லை.

போலந்தின் மான்செஸ்டர் என்று பெயரெடுத்த இந்த ஊரைப் பார்க்கும் தமிழ்ப் பயணிக்குக் கோயம்புத்தூர் நினைவுக்கு வருவது இயல்பு. அங்கேயும் பஞ்சாலை முதலாளிகளின் பணம் ஒரு காலத்தில் சினிமாவுக்குள் வந்தது. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் அப்படிப்பட்ட ஊரில் எழுந்தவை. கோவை ஸ்டுடியோக்கள் சென்னையிடம் தோற்றன. வூச் தன் பள்ளியைக் காப்பாற்றிக்கொண்டது.

நிலையத்திலிருந்து டார்கோவா தெருவுக்கு நடந்தே போய்விடலாம். வழியில் பழைய மின் நிலையம் ஒன்று. 1907இல் கட்டப்பட்ட அதன் கூடங்கள் இப்போது அருங்காட்சியகமாகவும் திரைப்பண்பாட்டு மையமாகவும் மாறியிருக்கின்றன. டார்கோவா 61/63 என்ற எண்ணில் இருப்பது ஆஸ்கர் கோன் என்ற ஆலை முதலாளியின் மாளிகை. அதுதான் பள்ளியின் மூலக் கட்டடம். உள்ளே இருக்கும் மரப்படிக்கட்டு போலந்து சினிமா வரலாற்றில் இடம் பெறத் தக்கது. திரையிடலுக்கும் வகுப்புக்கும் இடையில் மாணவர்கள் அந்தப் படிகளில் உட்கார்ந்துதான் சண்டை போட்டார்கள். வெளியே பொது அரங்குகளில் காணக் கிடைக்காத மேற்கத்திய, ஜப்பானியப் படங்கள் பள்ளிக்குள் ஓடின. ‘சிட்டிசன் கேன்’ பார்த்தவர்கள் ஒரு கட்சி, இத்தாலிய நியோரியலிசம் பக்கம் சாய்ந்தவர்கள் இன்னொரு கட்சி. ஆசிரியர் வகுப்பில் கற்றதற்குச் சமமாகப் படிக்கட்டில் கற்றதாகப் பின்னாளில் பலர் சொல்லியிருக்கிறார்கள். அது மிகையாக இருக்க வாய்ப்பில்லை.

பள்ளியின் முறையை வகுத்தவர்களில் முக்கியமானவர் யெஜி டோப்லிட்ஸ் என்ற திரைப்பட வரலாற்றாசிரியர். மாணவருக்குக் கோட்பாடு மட்டும் போதாது, சீக்கிரமாக, அடிக்கடி, உண்மையான பிலிமில் படமெடுக்க வேண்டும் என்பது அங்கே நிலைத்த வழக்கம். பயிற்சிப் படங்களை எத்யூட் என்பார்கள். முதலில் வசனமில்லாத ஓரிரு நிமிடம், அப்புறம் ஆவணப்படம், பிறகு கதைப்படம், கடைசியில் டிப்ளோமா படம். 35 மில்லிமீட்டர் பிலிமை மாணவர் கையில் கொடுத்தது இப்பள்ளியின் பெரிய கொடை. செலவு அரசுடையது. ஆனால் பிலிம் அளந்துதான் கிடைக்கும். ஒரு ஷாட்டை எத்தனை தடவை எடுக்கலாம் என்பதை ரோலின் நீளம் முடிவு செய்தது. செல்பேசியில் இரவெல்லாம் படம்பிடித்துக் குவிக்கும் இன்றைய மாணவருக்கு இந்தக் கணக்கு விளங்குவது கடினம். கேமரா ஓடத் தொடங்குவதற்கு முன்பே படம் மனத்தில் முடிந்திருக்க வேண்டிய கட்டாயம் அது.

இந்தக் கட்டாயத்தைத் தந்திரமாக வென்றவர் யெஜி ஸ்கோலிமோவ்ஸ்கி. கவிஞர், குத்துச்சண்டை வீரர். இயக்குநர்கள் வாய்தாவுக்கும் போலன்ஸ்கிக்கும் இளம் வயதிலேயே திரைக்கதை எழுதிக் கொடுத்தவர். ஒவ்வோர் ஆண்டும் கொடுக்கப்பட்ட பயிற்சியை அந்தந்த ஆண்டுக்கான தனிப்படமாக எடுக்காமல், பிற்பாடு ஒன்றோடொன்று ஒட்டவைக்கக் கூடிய காட்சிகளாக எடுத்து வந்தார். நாயகன் அவரே. எல்பியேதா சிஷெவ்ஸ்கா ஒன்றுக்கு மேற்பட்ட பெண் வேடங்களில் வருகிறார். ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட ஓர் இளைஞன் ஊரை விட்டுப் போவதற்கு முந்தைய சில மணி நேரம்தான் கதை. படிப்பு முடிந்தபோது சக மாணவர்கள் கையில் குறும்படங்கள் இருந்தன. அவர் கையில் ‘அங்க அடையாளங்கள்’ என்ற முழுநீளப் படம் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிலிமில் ஒரு கதைப்படத்தைக் கறந்த இந்த வேலைக்கு இணையான இன்னொன்று எளிதில் கிடைக்காது.

கீஸ்லோவ்ஸ்கியின் கதை வேறு மாதிரி. 1941இல் வார்சாவில் பிறந்தவர். தந்தைக்குக் காசநோய்; சிகிச்சை நிலையம் மாறும்போதெல்லாம் குடும்பமும் ஊர் மாறியது. தீயணைப்பு வீரர் பயிற்சியில் சேர்ந்து சில மாதங்களில் விட்டார். நாடகத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, நாடக இயக்குநராக ஆசைப்பட்டார். அதற்கு ஏதாவது ஒரு பட்டப்படிப்பு தேவைப்பட்டது. சினிமாப் பள்ளி ஒரு குறுக்குவழியாகத் தெரிந்தது. இரண்டு தடவை நுழைவுத்தேர்வில் தோற்றார். அந்த இடைவெளியில் நாடகத்தின் மீதிருந்த ஆசையே வடிந்துவிட்டது. ஆனாலும் வீம்புக்கு மூன்றாம் முறை எழுதி 1964இல் உள்ளே வந்தார். பல நாட்கள் நீளும் அந்த நுழைவுத்தேர்வு இன்றும் கெடுபிடிக்குப் பேர்போனது.

பள்ளியில் சேர்ந்த இயக்குநர் மாணவருக்கு முதலில் கையில் கிடைப்பது புகைப்படக் கேமரா. கீஸ்லோவ்ஸ்கி அந்தக் காலத்தில் வூச்சில் எடுத்த புகைப்படங்கள் பிற்பாடு கண்காட்சியாக வைக்கப்பட்டன. கிழவிகள், முற்றங்கள், சாலையோரம் குந்தியிருப்பவர்கள். அழுக்கேறிய செங்கல் சுவர்கள். ஊரின் இந்த முகம் மாணவர்களைக் கலங்கவும் வைத்தது, ஒருவிதக் குரூர விளையாட்டுக்கும் தூண்டியது. காலையில் பள்ளிக்கு நடந்து வரும்போது வழியில் தென்படும் கை கால் இழந்தவர்களை எண்ணி, ஊனத்தின் அளவுக்கேற்ப மதிப்பெண் போட்டுக்கொள்வார்களாம். பழைய ஆலை இயந்திரங்களும், குறுகிய தெருக்களில் சுவரை உரசிக்கொண்டு ஓடிய டிராம்களும் அத்தனை பேரை முடமாக்கியிருந்ததாகப் பின்னாளில் நேர்காணல் ஒன்றில் அவர் நினைவுகூர்ந்தார். இருபது வயதுக்காரர்களின் இரக்கமற்ற விளையாட்டுதான். ஆனால் தெருவில் எதையும் பார்க்காமல் கடந்து போகக் கூடாது என்ற பழக்கம் அதில் ஒளிந்திருக்கிறது.

டிராம் இந்த ஊரின் நரம்பு. 1898 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. ரஷ்ய ஆட்சியின் கீழிருந்த போலந்துப் பகுதியில் முதல் மின்சார டிராம் அதுவே. தண்டவாளம் மீட்டர் கேஜ். தென் மாவட்டங்களுக்கு மீட்டர் கேஜ் ரயிலில் போய் வந்த தலைமுறைக்கு அந்த ஆட்டம் உடனே பழகிவிடும். பெட்டிகள் இப்போது புதியவை; வளைவில் திரும்பும்போது எழும் கிறீச்சொலி பழையது.

கீஸ்லோவ்ஸ்கி 1966இல் எடுத்த ‘டிராம்’ படத்தில் அந்தக் கிறீச்சொலிகூட இல்லை. படம் முழுவதும் ஊமை. கடுங்குளிர் இரவு, ஓர் இளைஞன் ஓடிவந்து டிராமில் தொற்றிக்கொள்கிறான். உள்ளே வேலைக்குப் போகும் தொழிலாளி ஒருவர், ஒரு பெண். அவளைச் சிரிக்கவைக்க முயல்கிறான். அவள் தூங்கிப்போகிறாள். அவன் இறங்க வேண்டிய இடம் வருகிறது. இறங்குகிறான். டிராம் நகர்ந்ததும் மனம் கேட்காமல் மறுபடி அதன் பின்னால் ஓடுகிறான். கதை அவ்வளவுதான். ஒளிப்பதிவில் பதற்றம் உண்டு, நடிப்பில் கூச்சம் உண்டு. ஆனால் டிராமின் ஜன்னல் கண்ணாடியை அவர் கையாண்ட விதம் கவனிக்கத்தக்கது. உள்ளிருக்கும் முகமும் வெளியிருக்கும் இருட்டும் ஒரே சட்டத்தில் அமைகின்றன. ஒலிப்பதிவுக் கருவி கிடையாது என்பதால் பார்வையாலேயே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டியிருந்தது. ‘தற்செயல்’ படத்தின் ஓட்டமும், ‘வெரோனிகாவின் இரட்டை வாழ்க்கை’யில் ரயில் ஜன்னல் வழியே தலைகீழாகத் தெரியும் ஊரும் இந்த ஆறு நிமிடத்துக்கு உறவுக்காரர்களே.

அதே ஆண்டு எடுத்த ‘அலுவலகம்’ இன்னும் முதிர்ச்சியானது. ஓய்வூதியமும் காப்பீடும் வழங்கும் அரசு அலுவலகத்தில் ஒரு சன்னல். வெளியே வரிசையில் முதியவர்கள். உள்ளே எழுத்தர். பென்சில் சீவுவது, முத்திரை குத்துவது, தேநீர்க் கோப்பை. படத்தையும் ஒலியையும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய வசதியில்லை. அதனால் குரல்கள் தனியே ஒலிக்கின்றன, முகங்கள் தனியே தெரிகின்றன. எந்த வாய் எதைச் சொன்னது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. குறை என்று ஒதுக்க வேண்டிய இது படத்தின் பலமாகிவிட்டது. வரிசையில் நிற்பவர்கள் தனித்தனி ஆட்களாக இல்லாமல் ஒரே மனுதாரராகக் கரைந்துபோகிறார்கள். கடைசியில் கேமரா உத்தரம் வரை அடுக்கிய கோப்புகளின் மேல் நகர, வாழ்நாள் முழுவதும் என்ன செய்தீர்கள் என்பதைப் படிவத்தில் எழுதச் சொல்லும் குரல் திரும்பத் திரும்பக் கேட்கிறது. தாலுகா அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகைக்கு நின்ற எவருக்கும் இந்தப் படத்துக்கு வசன மொழிபெயர்ப்புத் தேவைப்படாது.

இதற்குப் பின்னால் நின்ற ஆசிரியர் கஜிமியேஷ் கராபாஷ். டிராம் தொழிலாளர்களின் வாத்தியக்குழு வேலை முடிந்து ஒத்திகை பார்ப்பதை மட்டும் காட்டும் அவரது ‘இசைக்காரர்கள்’ 1960இல் வந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை. விளக்கவுரை கிடையாது. தனக்குப் பிடித்த படங்களின் பட்டியலைக் கேட்டபோது கீஸ்லோவ்ஸ்கி உலகப் பெரும் படங்களுடன் இதையும் சேர்த்துச் சொன்னார். மனிதர்களை அவர்கள் வேலையில் வைத்துப் பொறுமையாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் கராபாஷ். கதைப்படப் பக்கத்தில் ஔஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர்தப்பிய வாண்டா யாகுபோவ்ஸ்கா பாடம் நடத்தினார். அந்த முகாமைப் பற்றி 1948இல் ‘கடைசிக் கட்டம்’ எடுத்தவர். அந்திரே முங்க் இளைஞர்களின் செல்ல ஆசிரியராக இருந்து, 1961 செப்டம்பர் 20 அன்று வோவிச் ஊருக்கு அருகே கார் விபத்தில் இறந்தார். முடிக்காமல் விட்டுப்போன அவரது ‘பயணி’ படத்தை நண்பர்கள் நிழற்படங்களைக் கொண்டு இட்டு நிரப்பி 1963இல் வெளியிட்டார்கள்.

பள்ளிக்கு எதிரே பூங்காவைச் சுற்றிக்கொண்டு போனால் கார்ல் ஷைப்லர் என்ற மற்றோர் ஆலை அதிபரின் மாளிகை. 1986 முதல் திரைப்பட அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. வாய்தா 1975இல் எடுத்த ‘வாக்களிக்கப்பட்ட பூமி’யின் காட்சிகள் சில இந்த அறைகளில் எடுக்கப்பட்டவை. ஆலை முதலாளிகளின் பேராசையைச் சொன்ன படத்துக்கு ஆலை முதலாளியின் வீடே கிடைத்தது. வாய்தாவும் டார்கோவா மாணவர்தான். மாணவராக அவர் எடுத்த படங்களில் ஒன்று இல்ஜா ஊர் மட்பாண்டங்களைப் பற்றியது. அருங்காட்சியகத்தில் பழைய கேமராக்கள், ஒளிக்கருவிகள் எல்லாம் உண்டு. ஆனால் வண்டி இழுத்து ஓய்ந்த மாடுகளைப் போல நிற்கும் அந்த இயந்திரங்களை விட மேல்மாடி மரவேலைப்பாடு கண்ணைப் பறிப்பது கொஞ்சம் சங்கடம்தான்.

வூச் மாணவர்கள் ஊருக்கு வெளியேயும் போய் எடுத்தார்கள். அவற்றில் புகழ்பெற்ற படத்தைத் தேடுபவர் வடக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறி பால்டிக் கடற்கரைச் சோபோட்டுக்குப் போக வேண்டும். ரோமன் போலன்ஸ்கி 1958இல் அங்கேதான் ‘இரண்டு மனிதர்களும் ஓர் அலமாரியும்’ எடுத்தார். (1977இல் அமெரிக்காவில் சிறுமி ஒருத்தி தொடர்பான பாலியல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனைக்கு முன் தப்பியோடியவரும் அவரே, மாணவப் படங்களைப் பாராட்டும்போதும் அதை மறைக்க வேண்டியதில்லை.)

அலமாரிப் படத்துக்கு முன் போலன்ஸ்கி பட்ட பாடு நிறைய. முதலில் தொடங்கிய ‘சைக்கிள்’ படத்தின் பிலிமில் ஒரு பகுதி தவறுதலாக மாஸ்கோவுக்குப் போய் அங்கேயே தொலைந்தது. ‘கொலை’, ‘பல் இளிப்பு’ இரண்டும் ஓரிரு நிமிடப் பயிற்சிகள். ‘ஆட்டத்தைக் கலைப்போம்’ என்பதற்காக மாணவர்கள் திறந்தவெளியில் நடத்திய நடன விருந்துக்குள் உண்மையான ரவுடிகளை ஏற்பாடு செய்து புகவிட்டார். விருந்துக்கு வந்தவர்களுக்கு முன்தகவல் இல்லை. அடி விழுந்தது நிஜம், கேமராவில் பதிந்ததும் நிஜம். பள்ளியை விட்டு நீக்கும் நிலைவரை விஷயம் போனது. இன்றைக்கு எந்தத் திரைப்படப் பள்ளியும் இதை மன்னிக்காது, மன்னிக்கவும் கூடாது.

அலமாரிப் படத்தில் அத்தகைய திருட்டுத்தனம் இல்லை. கடலிலிருந்து இருவர் கண்ணாடி பதித்த பெரிய அலமாரியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டிராமில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள், உணவகத்தில் உட்கார விடவில்லை, விடுதியில் இடமில்லை. ரவுடிகள் அடிக்கிறார்கள், அந்தக் கும்பலில் ஒருவராக இயக்குநரே நடித்திருக்கிறார். ஊர் தன் பாட்டுக்கு ஜேப்படி செய்துகொண்டும் கொலை செய்துகொண்டும் இருக்கிறது. இருவரும் அலமாரியோடு கடலுக்குள்ளேயே திரும்பிப் போகிறார்கள். பதினைந்து நிமிடம், ஒரு வசனமும் கிடையாது. வசனம் வேண்டாம் என்பது பயிற்சி விதியிலிருந்து வந்த பழக்கமாக இருந்தாலும், குறும்படத்துக்குப் பேச்சு பெரும்பாலும் சுமை என்ற அவரது முடிவு சரியானதே.

இசை கிறிஸ்டோஃப் கொமேடா. இவர் தொழிலால் காது மூக்குத் தொண்டை மருத்துவர். ஜாஸ் வாசிப்பது மேலதிகாரிகளுக்குத் தெரியாமலிருக்கப் புனைபெயர் வைத்துக்கொண்டவர். 1956இல் இதே சோபோட்டில் நடந்த ஜாஸ் விழாவில் அவர் குழு வாசித்தது. அதிகாரிகள் நீண்ட காலம் முகம் சுளித்த ஓர் இசை, ஒரு மாணவப் படத்துக்குள் இப்படி வந்து உட்கார்ந்தது. பிரஸ்ஸல்ஸில் 1958இல் உலகக் கண்காட்சியையொட்டி நடந்த சோதனைப்பட விழாவில் படம் வெண்கலப் பதக்கம் பெற்றது. வூச் பள்ளியின் பெயர் நாட்டுக்கு வெளியே பரவியதில் இந்த அலமாரிக்குப் பங்கு உண்டு. சோபோட்டின் கடற்கரை மரப்பாலம் அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நீள்கிறது. கோடையில் கூட்டம் நெரியும். படத்தில் காணும் வெறிச்சோடிய மணலைப் பார்க்க விரும்புபவர் சுற்றுலாக் காலம் தவிர்த்துப் போவது நல்லது.

வூச்சுக்குத் திரும்பினால் மிச்சமிருப்பது ஆலைகள். பியோத்ர்கோவ்ஸ்கா தெரு 4 கிலோமீட்டருக்கு மேல் நேர்கோடாகப் போகிறது. நடைபாதையில் திரைக் கலைஞர்களுக்கு நட்சத்திரங்கள் பதித்திருக்கிறார்கள், ஹாலிவுட்டைப் பார்த்து. இந்த ஊருக்கு அது பொருந்தவில்லை என்றாலும் கால்கள் அங்கே நிற்கத்தான் செய்கின்றன. வடக்கு முனைக்கு அருகே பொஸ்னான்ஸ்கி என்ற முதலாளியின் பழைய ஆலை 2006 முதல் வணிக வளாகம். தெற்கே ஷைப்லர் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில் சிவப்புச் செங்கல் வீடுகள் வரிசை கலையாமல் நிற்கின்றன. 1989க்குப் பின் சோவியத் சந்தை போனதும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின.

அந்த ஆலைகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தை உள்ளே போய்ப் பதிந்தது கீஸ்லோவ்ஸ்கியின் டிப்ளோமா படமான ‘வூச் நகரிலிருந்து’. ஆண்டு 1969, பதினேழு நிமிடம். தறிகளுக்கு நடுவே பெண் தொழிலாளர்கள் இடைவேளை உடற்பயிற்சி செய்கிறார்கள். ஓய்வு பெறும் ஒருவருக்குப் பிரிவுபசாரம் நடக்கிறது. கலைக்கப்படவிருக்கும் மண்டோலின் வாத்தியக்குழுவைக் காப்பாற்ற வேண்டும் என்று தொழிலாளர்கள் வாதாடுகிறார்கள். சம்பளத்துக்கோ இயந்திரத்துக்கோ அல்லாமல் மண்டோலினுக்காக எழும் அந்தச் சூடு படத்தின் உச்சம். ஊரைப் பற்றிய நல்லெண்ண விளம்பரம் எதிர்பார்த்தவர்களுக்கு இடிந்த சுவரும் களைத்த முகமும் கிடைத்தன. வூச்சைக் கேலி செய்யும் தொனி எங்கும் இல்லை. மதிப்பெண் விளையாட்டு ஆடியவரின் படம் என்று நம்ப முடியாத அளவுக்குக் கனிவு உண்டு.

இதற்கிடையில் வேறு இரண்டு படங்களும் எடுத்திருந்தார். ‘நேயர் விருப்பம்’ ஏரிக்கரைக்குப் பேருந்தில் வந்து குடித்துக் கூத்தடிக்கும் கும்பலும் மோட்டார் சைக்கிள் ஜோடி ஒன்றும் உரசிக்கொள்ளும் கதை, சுமார். தொலைக்காட்சிக்காக 1968இல் எடுத்த ‘நிழற்படம்’ முக்கியமானது. போர் முடியும் தறுவாயில் எடுத்த புகைப்படம் ஒன்றில் துப்பாக்கியோடு சிரிக்கும் இரண்டு சிறுவர்களை, வளர்ந்த மனிதர்களாகத் தேடிக் கண்டுபிடிக்கிறது கேமரா. கதவு திறந்து புகைப்படத்தைப் பார்க்கும் முகத்தை எந்த நடிகரிடமிருந்தும் வாங்க முடியாது. அந்தச் சமயத்தில் எழுதிய பட்ட ஆய்வேட்டில், நடப்பிலேயே நாடகம் இருக்கிறது, அதைத் தேடிப் பின்தொடர்வதே ஆவணப்படத்தின் வேலை என்று அவர் வாதிட்டார்.

1968 மார்ச்சில் போலந்துப் பல்கலைக்கழகங்களில் மாணவர் போராட்டம் வெடித்தது. அரசு அதை யூத எதிர்ப்புப் பிரசாரமாகத் திருப்பியது. வூச் பள்ளியும் தப்பவில்லை. ரெக்டர் டோப்லிட்ஸ் பதவி இழந்தார். ஆசிரியர் பலர் வெளியேறினார்கள். டோப்லிட்ஸ் பிறகு ஆஸ்திரேலியா சென்று 1973இல் அந்நாட்டு அரசுத் திரைப்படப் பள்ளியின் முதல் இயக்குநரானார். படிக்கட்டில் நடந்த விவாதங்கள் சில ஆண்டுகளுக்கு அடங்கிப்போயின.

பள்ளி மீண்டது. அனிமேஷன், ஒளிப்பதிவு வகுப்புகள் பெயர் பெற்றன. இங்கே ஒளிப்பதிவு படித்த ஸ்பிக்னியெவ் ரிப்சின்ஸ்கி, ஒரே அறையில் முப்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் முட்டிக்கொள்ளாமல் வந்து போகும் ‘டாங்கோ’வை வூச்சின் செமாஃபோர் ஸ்டுடியோவில் எடுத்து 1983இல் ஆஸ்கர் வாங்கினார். விருது வாங்கிய இரவே புகைபிடிக்க வெளியே வந்து, மறுபடி உள்ளே விட மறுத்த காவலாளியோடு தகராறாகிக் கைதானார். ‘ஓப்பன்ஹைமர்’ ஒளிப்பதிவாளர் ஹொய்டே வான் ஹொய்டெமாவும் டார்கோவா மாணவர். எத்யூட் முறையும் பிலிமில் படமெடுக்கும் பயிற்சியும் இன்றும் தொடர்கின்றன.

கீஸ்லோவ்ஸ்கியின் மாணவப் பருவத்தைத் தொடர்ந்து வருபவர் கடைசியில் வார்சாவுக்கே திரும்ப வேண்டும். ‘வூச் நகரிலிருந்து’ பள்ளிக்குள் தயாரான படமல்ல. வார்சா ஹெவ்ம்ஸ்கா தெருவில் இருந்த அரசு ஆவணப்பட ஸ்டுடியோவின் தயாரிப்பு. படிப்பு முடித்தவர்களுக்கு அங்கேதான் வேலை கிடைத்தது. 1970இல் டிப்ளோமா கைக்கு வந்தபோது அவர் போரில் பார்வை இழந்தவர்களைப் பற்றிய ‘நான் படைவீரனாக இருந்தேன்’ படத்தையும், அந்த ஸ்டுடியோவுக்காக வார்சாவின் விளிம்பிலுள்ள உர்சுஸ் டிராக்டர் ஆலையில் நிர்வாகக் கூட்டத்தையும் இயந்திரக் கூடத்தையும் மாறிமாறிக் காட்டும் ‘தொழிற்சாலை’ படத்தையும் எடுத்துக்கொண்டிருந்தார்.